கொலையும் குழந்தையும் புளத்கொகுபிட்டியவும்

குழந்தைகள் கையில் கொலைக்கதை கொடுக்கலாகாதாம். புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் நூலகத்துக்காக நான் எழுதிக்கொடுத்த ஆங்கில நூற்பட்டியலில் ஒரேயொரு பெயர் மட்டும் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அலன் பிராட்லி எழுதிய ஃபிளேவியா டி லூஸ் நாவல் வரிசையின் முதல் நூல் அது. அடித்தவர் கல்வித்துறையில் பெரியவர், பெயர் வேண்டாம். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. சிறுமியொருத்தி பிணத்தின் பின்னால் அலைவது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது. இங்கிலாந்துக் கிராமத்துக் கதை மலையகப் பிள்ளைக்குத் தேவையில்லை.

நூலை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1950ஆம் ஆண்டின் கோடை. பிஷப்ஸ் லேசி என்னும் கிராமம். பழைய மாளிகையில் தாயில்லாத மூன்று பெண்பிள்ளைகள். கடைக்குட்டி ஃபிளேவியாவுக்கு வயது 11. இரசாயனத்தில் பித்து, அதிலும் நஞ்சென்றால் உயிர். ஒருநாள் விடியலில் வீட்டு வெள்ளரிப் பாத்தியில் ஒருவன் உயிர்விடுவதைக் காண்கிறாள். பொலிஸார் அவளது தந்தையைக் கைது செய்கிறார்கள். அவள் சைக்கிளில் ஏறித் துப்புத் தேடப் புறப்படுகிறாள். இவ்வளவுதான் கதை.

நஞ்சைப் பற்றிப் பிள்ளைகள் அறியலாகாது என்று சொல்பவர் எந்த நாட்டில் இருந்துகொண்டு பேசுகிறார்? 1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளுள் ஒன்று இலங்கை. இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர். பெரும்பாலானோர் குடித்தது பூச்சிகொல்லியும் களைகொல்லியும். ‘மனம் நொந்து செத்தான்’ என்று ஊர் கோப்பை மூடிவிட்டது. ‘போத்தலில் இருந்தது என்ன?’ என்று கேட்டவர்கள் சிலரே. அவர்கள் கேட்டதனால்தான் கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. பத்தாண்டுகளுள் அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது அந்த ஒரு கேள்வி. ஃபிளேவியா தன் ஆய்வுகூடத்தில் கேட்பதும் அதே கேள்விதான். பண்பாடு எங்கே கெட்டது?

இரண்டாவது காரணத்துக்கு வருவோம். வெள்ளைக்காரனின் கிராமம்! பிராட்லி கனடாக்காரர், 1938இல் பிறந்தவர். இந்தக் கதையை எழுதத் தொடங்கியபோது இங்கிலாந்து மண்ணை மிதித்ததே இல்லை. 2007இல் அதன் தொடக்கப் பகுதிக்குப் பிரித்தானியக் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் பரிசளித்த பிறகுதான் இலண்டன் சென்றார். நாவல் 2009இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 70. அட்லாந்திக்குக்கு அப்பாலிருந்து ஒருவர் கற்பனையில் கட்டிய ஊருக்கு எட்டியாந்தோட்டைப் பிள்ளை போய்வரக் கூடாதென்று யார் வேலி போட்டது? அந்த மாளிகையின் காலை மேசையில் ஆவிபறந்த தேநீர் எந்த மலையிலிருந்து போயிருக்கும் என்று நான் கேட்கப்போவதில்லை. அது மலிவான வாதம்.

நம் எழுத்தாளர்களிடம்தான் எனக்கு வழக்கு. 1929இல் ஜெர்மனியின் எரிக் கேஸ்ட்னர், பணத்தைப் பறிகொடுத்த சிறுவன் எமிலைப் பேர்லின் தெருக்களில் ஒரு பிள்ளைப் பட்டாளத்தோடு திருடனைத் துரத்தவைத்தார். 1965இல் சத்யஜித் ராய் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் ஃபெலுடாவைப் படைத்து, கதைசொல்லும் பொறுப்பை ஒரு விடலைப் பையனிடம் ஒப்படைத்தார். தமிழின் புகழ்பெற்ற துப்பறிவாளர்களான சங்கர்லாலும் கணேஷும் வசந்தும் வளர்ந்த மனிதர்கள், நகரத்தார். பிள்ளைகளுக்கென்று எழுத உட்கார்ந்தால் மட்டும் நம்மவர்க்குக் கை தானாக நீதிபோதனைக்குப் போய்விடுகிறது. பெரியோர் சொல் கேள், முடிந்தது கதை.

தோட்டத்தில் துப்பறிய விஷயம் இல்லையா? கொழுந்து நிறுக்கையில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக் கணக்கில் கழிப்பது தொழிலாளரின் மிகப் பழைய முறைப்பாடு. தாய் பறித்த நிறையை ஒரு சிறுமி நாள்தோறும் கொப்பியில் குறித்து, மாத முடிவில் சம்பளச் சிட்டையோடு ஒப்பிடுகிறாள் என்று வையுங்கள். காணாமற்போன கிலோக்கள் எங்கே? றப்பர்த் தோட்டமென்றால் இன்னும் சுவை. பாலின் அடர்த்தியை அளக்க மெட்ரொலாக் என்றொரு கருவி உண்டு. நீர் கலந்தவர் யார், அளவைக் குறைத்து வாசித்தவர் யார்? ஃபிளேவியாவின் ஆய்வுகூடமே தோட்டத்து ஸ்டோருக்குள் இருக்கிறது.

கொலைதான் வேண்டுமென்றாலும் தொலைவு போக வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரித்ததாக அதிகாரிகளே பின்னர் சொன்னார்கள். 2016 மே மாதத்தில் புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மலை சரிந்து லயத்துக் குடும்பங்கள் புதையுண்டன. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைகள் மறுபடியும் சரிந்தன. ஒவ்வொரு தடவையும் குற்றவாளி மழை என்று வழக்கு முடிகிறது.

பதினொரு வயதுப் பிள்ளையொன்று பென்சிலும் கொப்பியுமாக அங்கே போனால் என்ன கேட்கும்? இந்தச் சரிவில் லயத்தைக் கட்டச் சொன்னவர் யார்? எச்சரிக்கைக் கடிதம் எந்த மேசைக்கு வந்தது? அதைப் பிரித்துப் படித்தவர் யார்? துரை பங்களா மட்டும் ஏன் சரியவில்லை?