நிறுவனம் போனவர் துரோகியா?

மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் பெங்களூரிலோ ஐதராபாத்திலோ ஒரு மொழித்தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால், துறையில் உடனே தீர்ப்பு எழுதப்படுகிறது: விலைபோய்விட்டார். தீர்ப்பெழுதுவோரில் பலர் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் என்பது தற்செயலன்று.

அவர்கள் பார்க்க மறுக்கும் கணக்கு எளியது. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் தேர்வின் வழி அதைப் பெறாத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு 8,000 ரூபாய். அதையும் நிறுத்த முற்பட்டபோது, 2015இல் மாணவர்கள் டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழுவின் வாயிலில் அமர்ந்து போராட நேர்ந்தது. அறிவித்த தொகையும் மாதக்கணக்கில் தாமதமாவது எவருக்கும் புதிய செய்தியன்று. பட்டத்துக்குப் பின் பலருக்குக் காத்திருப்பது கௌரவ விரிவுரையாளர் பணி. எனவே நிறுவனம் தரும் முதல் நன்மை ஊதியத்தின் அளவன்று; அது குறித்த நாளில் வந்து சேர்வது. வாடகையும் கடனும் உள்ள ஒருவர் அதை நாடுவதைப் பேராசை என்பது அறமாகாது.

ஆயினும் நிறுவனத்தின் புகழ்பாடுவோர் சொல்வதும் பாதி உண்மையே. இழப்பு வேலை நேரத்தில் மட்டும் இல்லை. உழைப்பின் உடைமையில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லையெனில், பணியின் பகுதியாக உருவாகும் ஆக்கத்துக்கு முதல் உரிமையாளர் பணியமர்த்தியவரே. இரகசியக் காப்பு ஒப்பந்தமும் சேர்ந்துகொண்டால் வாய்ப்பூட்டு முழுமையாகிறது. சோத்கங்காவில் ஏறிய ஆய்வேட்டை எவரும் படிக்கலாம், மறுக்கலாம். நிறுவனத்தில் ஐந்தாண்டு குறியிட்ட பேச்சுத்தரவை, குறியிட்டவரே வெளியேறிய மறுநாள் திறந்து பார்க்க இயலாது.

மொழித் தேர்வும் ஆய்வாளர் கையில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் 121 மொழிகளைக் காட்டுகிறது. எட்டாவது அட்டவணையில் இருப்பவை 22. அவற்றுக்கே சந்தை சமமாக இல்லாதபோது, கோலாமிக்கும் கதபாவுக்கும் எந்த நிறுவனம் முதலிடும்?

ஆகவே துரோகம் என்ற சொல்லைத் துறைகள் கைவிடட்டும். உதவித்தொகை உரிய நாளில் கிடைக்கக் குரல் கொடுக்கட்டும். ஒப்பந்தத்தைப் படித்துப் பேரம் பேசவும், வெளியீட்டு உரிமையை எழுத்தில் கேட்டுப் பெறவும் மாணவர்களுக்குக் கற்பிக்கட்டும். நிறுவன அனுபவத்துடன் திரும்புவோருக்குக் கதவைத் திறந்து வைக்கட்டும். இவற்றில் ஒன்றையும் செய்யாத துறைக்கு, போனவரைப் பழிக்கும் தகுதி இல்லை.