நல்லெழுத்தைச் சுட்டிக்காட்டுவோர் எங்கே?

எழுதுவோர் ஒருவரும் வாசிப்போர் ஒருவரும் இருந்தாற் போதும், இலக்கியம் வாழும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் வேண்டும். தாம் வாசித்து இன்புற்ற ஒன்றை மற்றவரிடம் கொண்டு சென்று, "இதை வாசித்துப் பாருங்கள்" என்று சொல்பவரே அவர். ஊதியமும் பெயரும் கருதாத அந்த மூன்றாமவர் மறைந்துபோனால் நல்லெழுத்துக்கு என்ன நேரும் என்பதை அறிய விரும்புவோர், கடந்த இருபது ஆண்டுகளில் இந்திய வலைப்பதிவுகளுக்கு நேர்ந்ததை நோக்குதல் வேண்டும்.

இணையத்தில் ஒருவர் தாமே எழுதித் தாமே வெளியிடும் நாட்குறிப்பேடு போன்றது வலைப்பதிவு. 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'பிளாகர்' என்னும் சேவை தோன்றியபின், பொருட்செலவின்றியும் கணினி நுட்பம் அறியாமலும் எவரும் எழுதலாம் என்றாயிற்று. இந்தியாவில் முதலில் ஆங்கிலமே இத்துறையில் ஓங்கி நின்றது. 2003 ஏப்ரலில் ஆலோக் குமார் என்பவர் இந்தியில் எழுதத் தொடங்கினார். வலைப்பதிவுக்குச் 'சிட்டா' என்று பெயரிட்டவரும் அவரே. கணக்குக் குறிப்பு என்பது அச்சொல்லின் பொருள். தமிழ்நாட்டு நிலக்கணக்கில் வழங்கும் சிட்டாவை அது நமக்கு நினைவூட்டும். அதே ஆண்டிலே தமிழ்ப் பதிவுகளும் அரும்பின. அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் பலவாய்ப் பிரிந்து கிடந்தமையால், ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் விளங்காக் குறிகளாகத் தோன்றுவதுண்டு. ஒருங்குறி பரவியபின்னரே அத்தடை நீங்கிற்று.

பத்திரிகை ஆசிரியரின் கத்தரிக்கோலுக்கு அகப்படாத எழுத்து அது. வங்கி ஊழியர், பொறியியலாளர், வைத்தியர், இல்லத்தரசியர் எனப் பலரும் எழுதினர். ஊர்ச் சந்தை, பாட்டியின் கைப்பக்குவம், அலுவலகத்துச் சிறுமைகள், மறக்கப்பட்ட பாடகர் என, அச்சேறும் தகுதி தமக்குண்டென்று ஒருநாளும் எண்ணாத பொருள்களெல்லாம் அங்கு இடம்பெற்றன. அமித் வர்மா தம் எழுத்துக்காக 2007 இல் பாஸ்டியா பரிசு பெற்றார். மீனாட்சி ரெட்டி மாதவன், பதிவில் எழுதிப் பெயர் பெற்றபின், 2008 இல் நாவலாசிரியரானார். ஆயினும் இத்தகையோர் சிலரே. மணியும் பதரும் கலந்து கிடந்த அக்களத்திற்குச் சுளகு பிடித்துப் புடைப்போர் தேவைப்பட்டனர்.

அவர்கள் தோன்றவும் செய்தார்கள். 2004 இல் 'தமிழ்மணம்' என்னும் திரட்டி தொடங்கிற்று. தமிழகம், ஈழம், புலம்பெயர் நாடுகள் ஆகிய எங்கிருந்து எழுதினாலும் புதிய பதிவுகளை அது ஓரிடத்தே காட்டிற்று. 2005 இல் 'தேசிபண்டிட்' வந்தது. இது இயந்திரத் திரட்டியன்று. தன்னார்வலர் சிலர் நாள்தோறும் பதிவுகளை வாசித்துத் தெரிந்தெடுத்து, ஏன் தெரிந்தெடுத்தோம் என்பதை இரண்டொரு வரியிற் சொல்லி இணைப்புக் கொடுத்தனர். தமிழில் 'வலைச்சரம்' இதனினும் அழகிய முறையொன்றைக் கைக்கொண்டது. வாரம் ஒருவர் ஆசிரியப் பொறுப்பேற்று, தாம் விரும்பிய பிறர் பதிவுகளை அறிமுகஞ் செய்வார். அடுத்த வாரம் அப்பொறுப்பு வேறொருவர் கைக்கு மாறும். இன்று அறிமுகஞ் செய்யப்பட்டவர் நாளை அறிமுகஞ் செய்பவராவார். இரசனை என்பது ஒரு சிலரின் தனிச்சொத்தன்று என்பதை இவ்வேற்பாடு சொல்லாமற் சொல்லிற்று.

சுட்டிக்காட்டும் இப்பழக்கம் வெறும் பொழுதுபோக்கன்று. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது, மும்பைப் பதிவர் சிலர் கூட்டுப் பதிவொன்றை உடனே தொடங்கி, எங்கு என்ன உதவி வேண்டும், யாரிடம் சேர்ப்பிக்கலாம் என்னும் செய்திகளைத் திரட்டினர். நம் நாட்டுக் கரையோரத்திலிருந்து கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியாகச் சென்ற விவரங்களும் இந்தியப் பதிவர் ஒருவரின் பக்கத்தில் வெளியாகின. முன்பே ஒருவரையொருவர் வாசித்துப் பழகியிருந்தமையாலன்றோ, யார் சொல்லை நம்பலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது! 2006 ஜூலையில், மும்பை இரயில் குண்டுவெடிப்பின் பின், சில பக்கங்களைத் தடைசெய்யும்படி இந்திய அரசு பணித்தது. சேவை நிறுவனங்களோ பிளாகர் பதிவுகள் அனைத்தையுமே சில நாள் மறைத்துவிட்டன. அப்போதும் செய்தியைப் பரப்பிக் கேள்வி எழுப்பியது இந்த வாசகர் சமூகமே.

பின்னர் நிகழ்ந்தது யாது? இந்திப் பதிவுகளைத் திரட்டிய 'பிளாக்வாணி' 2010 இல் ஓய்ந்தது. நாம் விரும்பும் எழுத்தாளரின் புதிய ஆக்கங்களைத் தேடித் தந்த 'கூகிள் ரீடர்' 2013 ஜூலை முதலாந் திகதி மூடப்பட்டது. தேசிபண்டிட்டும் வலைச்சரமும் அடங்கின. தமிழ்மணமும் பழைய நிலையில் இல்லை. எழுதியோரும் வாசித்தோரும் முகநூலுக்குப் பெயர்ந்தனர். அங்கே எதை முன்னிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பது நண்பரன்று, விளம்பரத்தால் வாழும் நிறுவனத்தின் கணிப்பொறி. எது நல்லது என்று அது கேட்பதில்லை; எது நம்மை நெடுநேரம் பிடித்து வைக்கும் என்றே கேட்கின்றது. 2024 முதல் கூகிளின் தேடுபொறி இந்தியாவிலும் வினாவுக்கு விடையைத் தானே சுருக்கி எழுதித் தருகின்றது. சுருக்கம் கிடைத்தவர் மூலத்தை நாடிச் செல்வாரா? எழுதியவரின் குரலும் நடையும் அச்சுருக்கத்தில் எஞ்சுமா?

பழைய தெரிவாளரை நான் தெய்வமாக்க வரவில்லை. தேசிபண்டிட் போன்ற ஆங்கில முயற்சிகளில் நகரத்துப் படித்த வகுப்பாரின் கண்ணே பெரும்பாலும் தெரிவுசெய்தது. அவர்கள் காணாத எழுத்து காணப்படாமலே போயிற்று. தலித் பகுசன் எழுத்துக்கென்று 'ரவுண்ட் டேபிள் இந்தியா' தனிக்களம் அமைக்க நேர்ந்தமை அக்குறைக்குச் சான்று. ஆனால், மனிதர் தெரிவில் குறையிருந்தால் அவரோடு வாதிடலாம். வேறொரு தெரிவை எதிரே வைக்கலாம். கணிப்பொறியோடு வாதிடுவதெங்ஙனம்?

சில நாளின்முன், நான் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த இந்தியப் பதிவுகளின் முகவரிப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவை திறக்கவில்லை. எஞ்சியவற்றிற் சில, எழுதியவர் விடைகூடப் பெறாது எழுந்து சென்ற வீடுகளைப் போலக் கிடந்தன. 1996 இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் காப்பகத்தில் அழிந்த பக்கங்கள் சிலவற்றின் படி இருந்தது. ஆனால் முகவரி கையில் இருந்தமையாலேயே அவற்றை என்னால் மீட்க முடிந்தது. அன்று சுட்டிக்காட்டியோர் எழுதிவைத்த இணைப்புப் பட்டியல்களே இன்று அக்காப்பகத்தின் திறவுகோல்கள் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். பட்டியல் அழிந்தால், எழுத்து எங்கோ இருந்தும் இல்லாததாகிவிடும். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் மின்வடிவிற் காத்துவரும் 'நூலகம்' திட்டத்தை அறிந்த நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

எனவே, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு பதிவைத் தேடி வாசியுங்கள். அதன் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் முகவரியையும் திகதியையும் குறித்து, அது ஏன் உங்களைக் கவர்ந்தது என்று இரண்டு வரி சேர்த்து, வகுப்பறைச் சுவரிலோ வாசிகசாலைப் பலகையிலோ ஒட்டுங்கள். அடுத்த வாரம் அவ்வேலையை வேறொருவரிடம் ஒப்படையுங்கள். எங்கோ ஒரு சிற்றூரில், வாசிப்பாரில்லை என்றெண்ணிப் பேனாவை மூடிவைக்கப் போகும் ஒருவரை, அந்த இரண்டு வரி இன்னும் ஓராண்டு எழுத வைக்கக்கூடும்.