உரத்த ஒலியா? தெளிந்த ஒலியா?

கல்வி கண்ணால் மட்டும் வருவதன்று, செவியாலும் வருவது. கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வைத்திருப்பது அதனாலன்றோ? இன்று காலை வழிபாட்டுப் பாடல், ஆங்கிலக் கேட்டல் பயிற்சி, ஆண்டு விழா நடனப் பாட்டு ஆகிய யாவும் கணினியிலிருந்து புறப்பட்டு, ஆம்ப்ளிபயர் வழியே ஸ்பீக்கரை அடைந்து, நம் செவிக்கு வருகின்றன. ஒலி சரியில்லை என்றால் உடனே எழும் குரல், "இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்குவோம்" என்பதே. இது தவறான வழி என்பது நம் கருத்து. நமக்கு வேண்டுவது உரத்த ஒலியன்று, தெளிந்த ஒலி.

நாம் வாழும் சேலம், நாமக்கல் சமவெளி ஓசை மிகுந்தது. இளம்பிள்ளை, குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கங்களில் விசைத்தறி ஓடும் வீடுகளில், அருகில் நிற்பவரிடம் பேசவும் குரலை உயர்த்த வேண்டும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சம்மட்டி ஓசை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிப் பட்டறைகளின் இரைச்சல். நெடுஞ்சாலையில் ஏர் ஹாரன். இவற்றுக்கிடையே வளரும் நமக்கு, சத்தம் பெரிதானால் நன்றாகக் கேட்கும் என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. ஆனால் தெளிவில்லாத ஒலியைப் பெரிதாக்கினால் தெளிவின்மையும் சேர்ந்தே பெரிதாகும். கலங்கிய நீரைப் பெரிய குடத்தில் ஊற்றினால் தெளிந்துவிடுமா?

ஒலியைப் பேணும் கலை நம் ஊருக்குப் புதிதன்று. 1935-ஆம் ஆண்டில் டி. ஆர். சுந்தரம் அவர்கள் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிலையத்தை நிறுவினார். ஏற்காடு சாலையில் நிற்கும் அதன் வளைவை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அக்காலத் திரைப்படங்களில் குரலும் இசையும் படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதியும். பதியும்போது கெட்டதைப் பின்னர் திருத்துவது அரிது. ஆகவே பதிவு செய்யும்போதே கவனம் வேண்டியிருந்தது. கருவி மாறிவிட்டாலும் அந்தப் பாடம் மாறவில்லை: தொடக்கத்தில் கெட்ட ஒலியை முடிவில் எந்த ஸ்பீக்கராலும் சீராக்க முடியாது.

கணினி ஒலியை எவ்வாறு காக்கிறது? ஒலி அலையை ஒரு விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, அந்த அளவுகளை எண்களாக எழுதிக்கொள்கிறது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் இந்த அளவீடு விநாடிக்கு 44,100 முறை. மனிதச் செவி ஏறத்தாழ விநாடிக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கும். அதைப்போல் இருமடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது கணிதம். இவ்வாறு எழுதினால் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் வேண்டும். எம்பி3 கோப்பில் அதே பாட்டு ஏறத்தாழ ஒரு மெகாபைட்டில் அடங்கிவிடும். செவி அதிகம் கவனிக்காத பகுதிகளைக் கழித்துவிடுவதால் இது முடிகிறது. ஒருமுறை கழிப்பதால் பெருங்கேடில்லை. அதே பாட்டைச் செல்பேசிச் செயலிகள் வழியே மாற்றி மாற்றி அனுப்பி, மீண்டும் மீண்டும் சுருக்கினால், சலித்த மாவை மேலும் மேலும் சலித்து எறிவது போலாகும். எறிந்தது திரும்பாது. எனவே விழாப் பாடலை முதல் கோப்பிலிருந்தே பென் டிரைவில் எடுத்து வருவது முதல் சீர்திருத்தம். இதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது வயர். மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே. மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து வருவதோ அதைப்போல் பல மடங்கு. கணினி வயரை மைக் துளையில் செருகினால், ஒலி கரகரத்துச் சிதைவது இதனால்தான். ஆம்ப்ளிபயரில் 'ஆக்ஸ்' என்றோ 'லைன்' என்றோ எழுதியுள்ள துளையே அதற்கு உரியது. சில வேளைகளில் பாட்டில் இசை மட்டும் கேட்கும். பாடுபவர் குரல் காணாமற்போகும். இடம், வலம் இரண்டிலும் சமமாகப் பதிந்த குரல், பொருந்தாத வயரினால் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதே காரணம். ஏற்ற வயரை மாற்றினால் குரல் திரும்பிவிடும்.

மூன்றாவது 'உர்ர்' என்னும் இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குறை மின் இணைப்பில் இருக்கிறது. கணினி, ஆம்ப்ளிபயர் இரண்டையும் ஒரே பிளக் பலகையிலிருந்து எடுத்தாலே பெரும்பாலும் குறையும். ஒருபோதும் எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகக் கூடாது; அது உயிருக்கே ஆபத்து. மௌஸை நகர்த்தும்போது கீச்சென்ற ஒலி வந்தால், கணினியின் உட்பகுதி மின்னோசை ஒலியில் கலக்கிறது என்று பொருள். வெளியில் இணைக்கும் சிறிய யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று இதற்கு மருந்து. பெரிய ஸ்பீக்கரின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சொற்பம்.

நான்காவது அளவு. எல்லாக் குமிழ்களையும் கடைசி வரை திருகுவது நம் வழக்கம். அவ்வாறு செய்தால் அலையின் முகடுகள் தட்டையாக வெட்டப்பட்டுக் குரல் உடைகிறது. மீட்டரில் சிவப்பு எரியாதவாறு அளவோடு நிறுத்த வேண்டும். பேசுபவர் மைக்கை ஒரு சாண் தூரத்தில் பிடித்தால், குமிழைத் திருகும் தேவையே குறையும்.

கடைசியாக அரங்கு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 17 மீட்டர் தூரத்துச் சுவரில் மோதித் திரும்ப, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அதற்குள் பேசுபவர் அடுத்த அசைக்குப் போய்விடுவார். இரண்டும் கலந்து சொல் குழம்பும். வெறும் சிமெண்டுச் சுவரில் கனத்த திரைச்சீலை தொங்கவிடுவதும், மேடையருகே இரண்டு பெரிய பெட்டிகளை அலறவிடாமல் சிறிய ஸ்பீக்கர்களை மாணவியர் அருகே வைப்பதும் நல்ல பலன் தரும்.

இவ்வளவு நுணுக்கம் ஒரு பள்ளிக்குத் தேவையா என்று சிலர் கேட்கலாம். கடைசிப் பெஞ்சில் இருக்கும் மாணவியை நினைத்துப் பார்ப்போம். வீட்டில் ஆங்கிலம் பேசக் கேட்டறியாதவள் அவள். கேட்டல் பயிற்சியில் ஒரு சொல் குழம்பினால் அவளுக்கு அந்த வரியே போய்விடும். முன்வரிசைக்காரிக்குக் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை என்றால், குறை அவள் அறிவிலா? இல்லை, நம் ஏற்பாட்டில். தெளிவற்ற ஒலி ஏழைக் குழந்தைக்கே அதிக நட்டம்.

செவியின் நலமும் இதில் அடங்கியிருக்கிறது. 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் பள்ளியைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதி அமைதி மண்டலம் ஆகலாம் என்கின்றன. பிறர் ஹாரன் அடிப்பதைக் கண்டிக்கும் நாம், நம் மைதானத்திலேயே செவிப்பறை அதிரப் பாட்டுப் போடுவது முறையாகுமா?

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறோம். பெண்கள் பள்ளியில் விழா என்றால் மைக் செட் அண்ணனுக்காகக் காத்திருப்பதே வழக்கமாக உள்ளது. வயரும் குமிழும் ஆண்களுக்கே உரியவை என்று எந்த நூலும் கூறவில்லை. இயற்பியல் பாடத்தில் அலையைப் படிக்கும் மாணவியர், அதை ஆம்ப்ளிபயரிலும் பழகலாமே! வகுப்புக்கு இருவர் வீதம் பயிற்சி கொடுத்து, வழிபாட்டு ஒலியமைப்பை அவர்களிடமே ஒப்படைக்கும்படி அருட்சகோதரியரையும் ஆசிரியப் பெருமக்களையும் வேண்டுகிறோம். மின் இணைப்பைத் தொடும் வேலையை மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பெற்றோரே, ஆண்டு விழாவுக்கு நன்கொடை தரும்போது, பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் நல்ல மைக், நல்ல வயர், நான்கு திரைச்சீலைகள் வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மாணவியரே, குமிழைத் திருகுமுன் குறை எங்கே என்று தேடுங்கள். கூச்சல் மிகுந்த இச்சமவெளியில், மெல்லப் பேசினாலும் கடைசி வரிசைக்கும் விளங்கும் இடமாக நம் பள்ளி விளங்கட்டும்!