ரப்பர் முகமூடியும் பள்ளிச் சாமான் அறையும்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் சிங்கமும் முயலும் கதையை நாடகமாக்கினோம். பெற்றோர் திரட்டித் தந்த பணத்தில், ரப்பர் பாலில் வார்த்த சிங்க முகமூடியும் கையுறைகளும் வாங்கினோம். விழா முடிந்த களைப்பில் அவற்றை மடித்துப் பையில் திணித்து, தகரக் கூரையின் கீழுள்ள சாமான் அறையில் பித்தளைக் குத்துவிளக்கின் அருகே வைத்தவன் நானே. மறு ஆண்டு பையைத் திறந்தபோது சிங்கத்தின் முகம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பிரித்த இடமெல்லாம் பிய்ந்து வந்தது. அவ்வேடத்திற்காகக் காத்திருந்த மாணவன் ஒன்றும் பேசாமல் நின்றான். அட்டையில் ஒரு முகம் வரைந்து கொடுத்தேன், நடித்தான்.

1877ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிற்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. பின்னாளில் நம் பாட்டன்மார் தோட்டம் தோட்டமாகப் பால்மரம் வெட்டினர். அவர்கள் பேரனாகிய எனக்கு அந்தப் பாலின் குணம் தெரியவில்லை என்பதே என் வெட்கம்.

வெப்பமும் வெயிலும் ரப்பரைக் கெடுக்கும். எண்ணெய் அதைவிடக் கெடுக்கும். நம் பிள்ளைகள் தலையில் தேங்காய் எண்ணெய் தடவி வருபவர்கள். அது முகமூடியின் உட்புறத்தில் ஊறி ரப்பரை உப்பச் செய்து தளர்த்திவிடும். ஆகவே தலையில் பருத்தித் துணி கட்டிய பிறகே அணிவிக்க வேண்டும். செம்பும் பித்தளையும் பட்டால் கறை படியும், ரப்பரும் விரைவில் சிதையும். என் குத்துவிளக்கும் குற்றவாளிதான்!

விழா முடிந்த அன்றே மென்மையான சவர்க்கார நீரில் கழுவி, நிழலில் இருபுறமும் உலர்த்துங்கள். டால்கம் பவுடரை மெல்லத் தூவுங்கள். மீண்டும் அணியுமுன் அதை நன்றாகத் துடைத்துவிடுங்கள், பிள்ளைகள் மூச்சில் இழுக்கக்கூடாது. சோளமாவு வேண்டாம், பூச்சி வரும். முகமூடிக்குள் வெள்ளைத் துணியை அடைத்து உருவம் குலையாமல் வைக்க வேண்டும். செய்தித்தாள் என்றால் அதன் மை ஒட்டிக்கொள்ளும். உடையை மடிக்காமல், வெளிச்சம் புகாத பெட்டியில், குளிர்ந்த அறையில் வையுங்கள். நகலெடுக்கும் இயந்திரம் உள்ள அறை ஆகாது. அதிலிருந்து வெளிவரும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும்.

இன்னொன்று, இதுவே முதன்மையானது. சில குழந்தைகளுக்கு ரப்பர் பால் ஒவ்வாது; தோல் தடிக்கும், மூச்சுத் திணறலும் வரலாம். பெற்றோரைக் கேட்காமல் யாருக்கும் மாட்டிவிடாதீர்கள். பெற்றோரும் தயங்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். வேடம் போய்விடுமே என்று மறைக்க வேண்டாம்.

வைக்க இடமில்லாத பள்ளி இவற்றை வாங்கவே கூடாது என்பது என் கருத்து. காகிதக்கூழ் முகமூடி நமக்குப் போதும். இவ்வாண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கொடுத்த பட்டியலில், முகமூடிக்குக் கீழேயே மூடியுள்ள பெட்டி ஒன்றையும் எழுதியிருக்கிறேன். பெட்டிக்குப் பணமில்லை என்றால் முகமூடியையும் அடித்துவிடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன்.