கறையான் வீட்டுப் பயிர்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் மிளகும் பலாப்பழமும் வாங்கி வருவார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்ற ஏறியதற்கு அது போதாதா என்பீர்கள். போதாது! இடி இடித்து மழை கொட்டிய மறுநாள் விடியற்காலையில் அங்கே இருந்து பாருங்கள். மலையாளிகள் என்னும் மலைவாசிகள் காளான் தேடிக் கிளம்புவார்கள். (கேரளத்தார் அல்ல, தமிழ் பேசும் நம்மவர்கள்தான்.) நாமும் பின்னால் போவோம், வாருங்கள்.

அடர்ந்த காட்டில், மரத்தடியெல்லாம் குடை குடையாகக் காளான்கள். அவர்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கறையான் புற்றைக் கண்டதும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆமாம், புற்றுக்காளான்! மண்ணைக் கிளறிப் பார்த்தால், அதன் தண்டு வேர்போல நீண்டு புற்றுக்குள்ளேயே இறங்குகிறது.

ஏன் தெரியுமா? அது கறையானின் பயிர்! காய்ந்த இலையையும் கட்டையையும் தின்று, அந்த எச்சத்தால் பூமிக்கடியில் தேனடை போன்ற பாத்தி கட்டி, அதில் இந்தப் பூசணத்தை வளர்த்து உண்கிறது கறையான். மனிதன் ஏர் பிடித்துச் சுமார் 10,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. கறையானோ சுமார் 3 கோடி ஆண்டுகளாக விவசாயி! சிப்பிக்காளானை வைக்கோலில் வளர்க்கக் கற்ற நாம், இதை மட்டும் தோட்டம் போட்டு விற்க முடியாமல் இன்னும் விழிக்கிறோம்.

ருசியைக் கேட்டுச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்ட சகோதரிகளே, சற்றுப் பொறுங்கள். ‘வெள்ளிக்காசு கறுத்தால் விஷம்’, ‘பூச்சி அரித்திருந்தால் நல்லது’, ‘பூண்டு போட்டால் முறிந்துவிடும்’ என்பவை அத்தனையும் பொய். கொடிய காளான் விஷம் வெள்ளியைக் கறுக்க வைக்காது, கொதித்தாலும் அழியாது. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

அந்த விஷத்தின் வஞ்சகத்தையும் கேளுங்கள். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அதன்பின் ஒரு நாள் நின்றுவிடும். ‘பிழைத்தோம்’ என்று தோன்றும். உள்ளேயோ ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்! ஆகவே வாந்தி நின்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மிச்சக் காளானையும் எடுத்துச் செல்லுங்கள்.

மலைவாசிக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? ஒரே அடையாளத்தை நம்பி அவர் பறிப்பதில்லை. இடம், பருவம், மண், வாசனை, குடையின் அடிப்புறம், வேர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். அது, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காட்டிலேயே பல மழைக்காலங்கள் நடந்து கற்ற பாடம். வேறு காட்டில் அந்தப் பாடம் செல்லாது. ஒரு நாள் விருந்தாளியான நமக்கோ சுத்தமாகச் செல்லாது.

சந்தேகம் வந்த காளானை அவர் அங்கேயே விட்டுவிடுகிறார். கூடை பாதி காலியாக வீடு திரும்புவதில் அவருக்கு வெட்கமில்லை. நமக்கு மட்டும் எதற்கு?