வாசிப்புப் பட்டியலில் விடுபட்ட கிணறு

புத்தொழில் தொடங்குவோர் கட்டாயம் வாசிக்க வேண்டியவை என வளாகங்களில் சுற்றிவரும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று நகலெடுத்தவை. எரிக் ரீஸின் ‘தி லீன் ஸ்டார்ட்அப்’ (2011), பீட்டர் தீலின் ‘ஜீரோ டு ஒன்’ (2014) ஆகிய இரண்டும் அவற்றில் தவறுவதில்லை. உருவாக்கு, அளந்து பார், கற்றுக்கொள் என்கிறது முன்னது. போட்டியைத் தவிர்த்து ஏகபோகத்தை நாடு என்கிறது பின்னது. எதை அளப்பது? எதன்மீது ஏகபோகம்? இக்கேள்விகளுக்கான விடை, நல்லேப்பிள்ளி அமைந்துள்ள சித்தூர் வட்டத்திலேயே கிடக்கிறது.

அவ்வட்டத்தின் பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலை 2000இல் உற்பத்தியைத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டதைக் கண்டு சொன்னவர்கள், அந்நீரில் சோறாக்கிய ஆதிவாசிப் பெண்கள். 2002இல் போராட்டம் எழுந்தது. 2003இல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004இல் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2010இல் மாநில அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 2011இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவோ குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவேயில்லை. இலாபம் நிறுவனத்தின் கணக்கில் ஏறியது. நட்டம் ஊரின் கணக்கில் நின்றுவிட்டது.

மென்பொருளுக்கும் கிணற்றுக்கும் என்ன தொடர்பு என்பார் உளர். தரவு மையங்களைக் குளிர்விப்பதற்கும் தண்ணீரே செலவாகிறது என்பதை அவர்கள் மறக்கலாகாது.

தொழில்முனைவுப் பாடம் வகுப்போர், அக்குழுவின் அறிக்கையையும், போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மா சொல்ல ஜோதிபாய் பரியாடத்து எழுதிய தன்வரலாற்றையும் தீலுக்கு முன்பாக வைக்கட்டும். சந்தையை மட்டும் அளக்கக் கற்ற தலைமுறை, அடுத்த பிளாச்சிமடையையும் வெற்றிக்கதை என்றே எழுதும்.