மெதுவாகப் பேசினால் சார்ஜ் மிஞ்சும்



ரம்புக்கனையில் மலை மறைத்த வீடுகளில், யாரோடும் பேசாமலே கைத்தொலைபேசியின் சார்ஜ் இறங்குவதைக் கண்டிருப்பீர்கள். கோபுரம் அருகிலிருந்தால் போன் மெதுவாகப் பேசும். தூரமானால் உரத்துக் கத்தும். 4ஜி போனின் உச்சக் குரல் ஏறத்தாழ 0.2 வாட். அருகிலென்றால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும்.

தெருக்கோடி ராத்தாவுக்கு ஒரு சேதி என்றால் நாம் வாசலில் நின்று கத்துவதில்லை. பக்கத்து வீட்டில் சொல்லியனுப்புவோம். கோபுரமின்றிப் போனுக்குப் போன் செய்தி கடத்தும் வலைப்பின்னல் முறையும் இதுதான். திறந்த வெளியில் தூரம் பாதியானால் தேவைப்படும் சக்தி நான்கில் ஒன்று. நடுவில் ஒரு போன் நின்று கடத்தினால், இரண்டின் செலவும் சேர்ந்தே பாதிதான். மற்றவர் பேச்சுக்கும் இடைஞ்சல் குறையும். ஆனால் குரல் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் தொடர்பு அறுந்துவிடும்; எல்லாச் சேதியையும் ஒருவரே சுமந்தால் அவருடைய பற்றரி முதலில் தீரும்.

2016 மே 17இல் நமது கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மண் சரிந்ததை மறக்க முடியுமா? அப்படியான மழை நாட்களில், எச்சரிக்கை வந்துசேர ஒரு போனை மட்டும் கவரேஜ் உள்ள ஜன்னலோரம் திறந்து வையுங்கள். மற்றவற்றை அணைத்து வையுங்கள். அந்த மிச்சம் ஆபத்து வேளையில் கைகொடுக்கும்.